வெள்ளவத்தையிலிருந்து காலி முகத்திடல் வரை: வெயில் மாதங்களில் ஓடுகிறவர்களுக்கு

கொழும்பில் கோடை என்று தனியாக ஒன்றில்லை, வருடம் முழுக்க ஒரே வெக்கைதான் என்று பலர் சொல்வார்கள். ஓடுகிறவர்களின் உடம்பு அப்படிச் சொல்லாது. மாசிக் கடைசியில் தொடங்கி, தென்மேல் பருவக்காற்று மழையோடு வந்து சேரும் வைகாசி வரைக்கும் உள்ள மூன்று மாதங்கள் வேறு மாதிரியானவை. காற்று அசையாது. பகலில் 32 பாகை, விடியப்புறத்திலும் பல நாட்களில் 25 பாகைக்குக் கீழே இறங்காது. ஏப்ரல் முதல் பாதியில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும். கொழும்புக்கு அது சித்திரைப் புத்தாண்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிழமை முன்னால் வரும். அந்த நாட்களில் மத்தியானம் வெளியே நின்றால் நிழல் காலடியைவிட்டு நகராது.

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை. நாற்பதைத் தாண்டிய பிறகு ஓடத் தொடங்கி, இப்போது ஒவ்வொரு வருடமும் பிற்பகுதியில் ஓர் அரை மரதனை, அதாவது 21.1 கிலோமீற்றரை, மனதில் வைத்துத்தான் தை பிறந்ததிலிருந்து திட்டம் போடுகிறேன். அந்த ஓட்டத்துக்கான அத்திவாரம் இந்த மூன்று மாதங்களில்தான் விழுகிறது என்பது என் உறுதியான எண்ணம். அதனால்தான் இதை எழுதுகிறேன். வெயில் தொடங்கியதும் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு மழை வரட்டும் என்று காத்திருப்பவர்களும், வெயிலென்று பாராமல் பழைய வேகத்திலேயே ஓடி உடம்பைக் கெடுத்துக்கொள்பவர்களும் எனக்குத் தெரிந்தவர்களிலேயே நிறையப் பேர்.

முதலில் பாதையைச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு வெயிலைச் சமாளிக்கக் கற்றுத்தந்ததே அந்தப் பாதைதான்.

வெள்ளவத்தை ரயில் நிலையத்தடியில் மரைன் டிரைவில் ஏறி வடக்கே திரும்பினால், இடது கைப் பக்கம் தண்டவாளம், அதற்கப்பால் கருங்கற்கள், அதற்கப்பால் கடல். வலது கைப் பக்கம் தொடர்மாடிகளும் விடுதிகளும் நெருக்கமாக நிற்கும். பம்பலப்பிட்டி தொடர்மாடியைத் தாண்டி, கொள்ளுப்பிட்டியில் மரைன் டிரைவ் முடிந்ததும் காலி வீதிக்கு ஏறி, அலரி மாளிகையைக் கடந்து, காலி முக ஹோட்டலடியில் திடலுக்குள் இறங்கி, கடலோர நடைபாதை வழியே வடக்கு முனைக்குப் போனால் ஏறத்தாழ 6 கிலோமீற்றர். போய்த் திரும்ப 12. நேரான, மேடு பள்ளமில்லாத பாதை. வழியில் மூன்று ரயில் நிலையங்கள் இருப்பதால் யாருக்காவது முடியாமல் போனால் ரயிலேறி வீட்டுக்கு வந்துவிடலாம். புதிதாக நீண்ட தூரம் ஓடத் தொடங்குகிறவர்களுக்கு இது பெரிய தைரியம்.

இந்தப் பாதையின் உண்மையான அருமை அந்தக் கட்டிடங்களின் நிழலில் இருக்கிறது. ஏப்ரலில் கொழும்பில் சூரியன் காலை 6 மணியை ஒட்டி உதிக்கும். உதிப்பது கட்டிடங்களுக்குப் பின்னால். அது தாழ்வாக இருக்கும்வரை பத்து மாடிக் கட்டிடத்தின் நிழல் வீதியையும் தண்டவாளத்தையும் தாண்டிக் கடலில் போய் விழும். ஏழு மணிக்கும் மரைன் டிரைவின் பெரும்பகுதி நிழலில்தான் கிடக்கும். ஒழுங்கைகள் வந்து சேரும் இடங்களில் மட்டும் வெயில் ஒரு கீற்றாக வீதியில் விழும். ஒவ்வொரு கீற்றையும் கடக்கும்போது தோளில் அந்தச் சூடு பட்டு மறைவதை உணரலாம். எட்டு மணிக்குப் பிறகு நிழல் குறுகத் தொடங்கும். பின்னேரத்தில் இதே வீதியின் கதை தலைகீழ். சூரியன் கடற்பக்கம் சரிந்து நேரே முகத்திலும் கட்டிடச் சுவர்களிலும் அடிக்கும், சுவர்கள் பகல் முழுக்க வாங்கிய சூட்டைத் திருப்பித் தரும். கடற்கரை என்றால் பின்னேரம் குளிர்ச்சியாக இருக்கும் என்று நம்பி ஐந்து மணிக்கு இங்கே ஓட வருகிறவர்களைப் பார்த்தால் நின்று சொல்லிவிட்டுப் போகத் தோன்றும். பின்னேரம்தான் நேரம் கிடைக்கிறது என்றால், மரங்கள் உள்ள சுதந்திரச் சதுக்கத்துப் பக்கமோ விகாரமகாதேவிப் பூங்காவோ நல்லது. கடலை இருட்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காலி முகத்திடலில் மரம் கிடையாது. ஆனால் விடியப்புறம் அங்கே ஓடுவதற்கு ஈடாக இந்த நகரத்தில் இன்னோர் இடம் எனக்கில்லை. ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை அது. கொழும்பின் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக இதைப் பேணும்படி தனக்குப் பின் வருகிறவர்களைக் கேட்டுக்கொள்ளும் வாசகம் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. விடியும் வேளையில் அந்த இடத்தைக் கடக்கும் பெண்ணாக எனக்கு அந்த வரிமீது ஒரு உரிமை உண்டு. ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர் நீளம், வாகனம் வராது, வழுக்காத தரை. குறுகிய வேக ஓட்டங்களுக்கு இதைவிட நல்ல இடம் தேட வேண்டியதில்லை.

இனி வெயில். விடியப்புறம் குளிர்ச்சி என்று நாங்கள் நினைப்பது பாதி உண்மைதான். வெப்பநிலை அப்போதுதான் குறைவு, ஆனால் காற்றின் ஈரப்பதன் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். உடம்பைக் குளிரவைப்பது வியர்வை வழிவதல்ல, வியர்வை ஆவியாவது. ஈரம் நிறைந்த காற்றில் அது ஆவியாகாமல் முழங்கையிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். அப்போது உடம்பு இரத்தத்தைத் தோலுக்கு அதிகமாக அனுப்பிச் சூட்டை வெளியேற்றப் பார்க்கும். கால் தசைகளுக்கும் அதே இரத்தம் வேண்டும். வியர்வையில் நீர் போகப் போக இரத்தத்தின் அளவும் குறையும். மிச்சத்தை இதயம் ஈடுகட்ட வேண்டும், அதனால் மார்கழியில் ஓடிய அதே வேகத்துக்கு ஏப்ரலில் துடிப்பு நிமிடத்துக்குப் பத்து, பதினைந்து கூடுதலாக நிற்கும். இதில் பயிற்சி குறைந்துவிட்டது என்று கவலைப்பட ஒன்றுமில்லை. உடம்பு இரண்டு வேலையை ஒன்றாகச் செய்கிறது, அவ்வளவுதான்.

அதே உடம்பு கற்றுக்கொள்ளவும் செய்யும். தொடர்ந்து பத்திலிருந்து பதினான்கு நாட்கள், நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் அளவில் வெக்கையில் ஆறுதலாக இயங்கினால் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை முன்கூட்டியே தொடங்கும், அதில் போகும் உப்பும் குறையும். இரண்டு மூன்று கிழமை விட்டால் இந்தப் பழக்கம் பெரும்பாலும் கலைந்தும் போகும். எங்களைப் போல பகல் முழுக்க ஏசிக்குள் இருந்து வேலை செய்கிறவர்கள் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்திருந்தாலும் வெயிலுக்குப் பழகியவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அதனால் மார்ச் முதல் இரண்டு கிழமையும் எனக்குப் பழகும் காலம். அந்த நாட்களில் ஓட்டத்தோடு நடையையும் கலக்கிறேன், மணிக்கூட்டில் வேகம் காட்டும் பக்கத்தை மறைத்துவிடுகிறேன்.

என் மச்சாள் போன வருடம் என்னோடு சேர்ந்து ஓட வந்தா. பள்ளிக்கூட நாளில் ஓட்டக்காரி, எனக்கு முன்னாலேயே பாய்ந்து போகிறவ. முதல் கிழமையே கேட்டா: "இவ்வளவு ஆறுதலா ஓடினா எப்பிடிக் கெதியா ஓடப் பழகிறது?"

"கதைச்சுக்கொண்டு ஓடுங்கோ மச்சாள். கதை நிண்டு மூச்சு வாங்கினா, நடவுங்கோ. பேந்து ஓடலாம்."

கருவி எதுவும் இல்லாதவர்களுக்கு இதைவிட நம்பகமான அளவுகோல் இல்லை. முழு வசனமாகக் கதைக்க முடிகிற வேகம்தான் வெயில்காலத்தின் வேகம். வீட்டுக் கதை, ஊர்க் கதை, பிள்ளைகளின் சோதனைக் கதை எல்லாம் கதைத்தபடி பம்பலப்பிட்டிக்கு வந்துவிடுவோம். வைகாசி முடியும்போது மச்சாள் 12 கிலோமீற்றரையும் நிற்காமல் ஓடினா, கதையும் நிற்கவில்லை.

ஆகவே என் வெயில்கால இலக்குகளில் வேகம் சேராது. மார்ச்சில் கிழமைக்கு மூன்று மணித்தியாலம் என்று தொடங்கி, மே நடுப்பகுதியில் ஐந்து மணித்தியாலத்துக்குக் கொண்டுபோவது முதலாவது. கிலோமீற்றரில் கணக்கு வைத்தால் புழுக்கமான நாளில் தூரத்தை முடிக்க உடம்பை வதைக்க நேரும். நேரத்தில் கணக்கு வைத்தால் புழுக்கமான நாளில் தானாகவே தூரம் குறையும், உழைப்பு அதேதான். மூன்று கிழமை கூட்டினால் நாலாவது கிழமை குறைக்க வேண்டும். புத்தாண்டுக் கிழமையை நான் அந்தக் குறைக்கும் கிழமையாக வைத்திருக்கிறேன், பலகாரமும் விருந்தாளிகளும் அப்போதுதான். ஆனால் ஊருக்குப் போகாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: கொழும்பே காலியாகி, காலி வீதியில் பஸ் கூட இல்லாமல் கிடக்கும் அந்த இரண்டு மூன்று விடியல்களைத் தவறவிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தை இரண்டு மணித்தியாலம் வரைக்கும் நீட்டுவது இரண்டாவது. இதற்கு 4.45க்குப் புறப்பட வேண்டும். வெள்ளென எழும்புவதைவிட வெள்ளெனப் படுப்பதுதான் கடினம், அதற்கு வீட்டில் எல்லோருடைய ஒத்துழைப்பும் தேவை. இதை வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள், முக்கியமாகப் பெண்கள்.

முன்னேற்றத்தை அளக்க மாதம் ஒருமுறை ஒரு சோதனை செய்கிறேன். அதே பாதை, அதே நேரம், பத்துப் பதினைந்து நிமிடம் ஆறுதலாக ஓடி உடம்பைச் சூடாக்கிய பிறகு, இதயத்துடிப்பை ஒரே அளவில் வைத்து 30 நிமிடம். எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பது மட்டும்தான். மார்ச்சில் போனதைவிட மே மாதத்தில், அதைவிட வெக்கையான காலையில், அதே துடிப்புக்குக் கூடுதல் தூரம் போனால் பயிற்சி வேலை செய்கிறது. அந்த நாளின் வெக்கையையும் குறிப்பில் எழுதுங்கள். இல்லாவிட்டால் பிறகு ஒப்பிட முடியாது.

காலின் வேகம் மறந்துபோகாமல் இருக்க, கிழமையில் ஒருநாள் காலி முகத்தில் இருபது விநாடி அளவான பாய்ச்சல்கள் ஐந்தாறு, நடுவில் மூச்சு முழுதாகத் திரும்பும்வரை நடை. அவ்வளவு குறுகிய நேரத்தில் உடம்பு சூடேறாது. மேடு இல்லாத பாதைக்கு மருந்து தொடர்மாடிப் படிக்கட்டு. லிஃப்டை விட்டுக் கிழமைக்கு இரண்டு தரம் படியேறினால் தொடையும் பின்புறத் தசையும் பலப்படும், ஏறும்போது மட்டும் உழைத்து இறங்கும்போது முழங்காலைப் பார்த்து ஆறுதலாக இறங்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றி ஆளாளுக்கு ஒவ்வொன்று சொல்வார்கள். உங்களுக்கு எவ்வளவு தேவை என்பதை உங்கள் தராசுதான் சொல்லும். ஓடமுன்னும், ஓடி முடித்து உடம்பைத் துடைத்த பின்னும் நிறுத்துப் பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லீற்றர் வியர்வை. இடையில் குடித்ததையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒரே பாதையில் ஓடிய எனக்கும் மச்சாளுக்கும் இது பெரிதாக வேறுபட்டது. ஒரு மணித்தியாலத்துக்குள் முடிகிற ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் குடித்தால் பெரும்பாலும் போதும். அதற்கு மேலே போனால் போத்தலோடுதான் போக வேண்டும், தாகத்துக்கு அளவாகக் குடிக்க வேண்டும். பயத்தில் வெறும் தண்ணீரை லீற்றர் கணக்கில் குடிப்பதும் ஆபத்துதான், இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும்.

ஓடி முடித்ததும் செவ்விளநீர் குடிப்பது எல்லோருக்கும் பிடித்த பழக்கம், எனக்கும்தான். அதில் பொட்டாசியம் நிறைய உண்டு. ஆனால் வியர்வையில் முக்கியமாகப் போவது சோடியம், அது இளநீரில் குறைவு. தொப்பியில் வெள்ளையாக உப்புப் படிகிறவர்கள் இளநீரோடு உப்புப் போட்ட கஞ்சியோ, சாப்பாட்டில் கொஞ்சம் கூடுதல் உப்போ சேர்த்துக்கொள்ளலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுத்தான். இரண்டு மணித்தியால ஓட்டத்துக்கு நான் ஜீவனியை, அதாவது வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்பும் சீனியும் சேர்ந்த தூளை, தண்ணீரில் கலந்து கொண்டுபோகிறேன். ஒரு பக்கற்றை ஒரு லீற்றர் நீரில், பக்கற்றில் எழுதியபடியே. கூடவே ஒரு கதலி வாழைப்பழம்.

சப்பாத்து விஷயத்தில் சின்னதாக ஒன்று. கொழும்பு வெக்கையில் பத்துக் கிலோமீற்றருக்குப் பிறகு வியர்வை வழிந்து சப்பாத்துக்குள் தண்ணீர் நிற்கும். முடிந்தால் இரண்டு சோடியை மாற்றி மாற்றிப் போடுங்கள். சப்பாத்துக்குள் பாதத்தின் கீழ் இருக்கும் மெத்தைத் தகட்டை எடுத்து வெளியே வைத்து, பழைய வீரகேசரித் தாளைக் கசக்கி உள்ளே அடைத்துவிட்டால் அடுத்த நாளுக்குக் காய்ந்துவிடும். வெயிலில் காயவைத்தால் அடிப்பசை விடும். தொடை உரசும் இடங்களுக்கு வாஸலீன்.

அபாயங்களைச் சொல்லாமல் இந்தப் பாதையைப் புகழ்வது சரியல்ல. தண்டவாளத்தில் ஓடாதீர்கள், நடக்கவும் வேண்டாம். நிறையப் பேர் அப்படிப் போவதைப் பார்த்துத் துணிவு வந்துவிடும். அலையின் இரைச்சலில் ரயில் வருவது மிகக் கிட்ட வந்த பிறகுதான் கேட்கும். காதில் பாட்டு வேண்டாம் என்பதற்கும் அதுதான் காரணம். எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி ஓட வேண்டும் என்பது பொதுவான விதி. அதன்படி வடக்கே போகும்போது கட்டிடப் பக்கம் வரும். ஆனால் அந்தப் பக்கம்தான் ஒழுங்கைகளெல்லாம் வந்து சேர்கின்றன, ஓட்டோக்கள் கோர்ன் அடிக்காமல் மூக்கை நீட்டும். அதனால் நான் இரண்டு திசைக்கும் கடற்பக்க ஓரத்தையே எடுக்கிறேன், ஒளி பட்டால் மின்னும் பட்டியோடு. கால்வாய்கள் கடலில் கலக்கும் இடங்களில் தெருநாய்கள் படுத்திருக்கும். ஓட்டத்தை நிறுத்தி, கண்ணைப் பார்க்காமல் நடந்து கடந்தால் அவை எழும்புவதில்லை.

இருட்டில் தனியே ஓட வேண்டாம் என்று பெண்களிடம் சொல்வது சுலபம். அப்படிச் சொல்பவர்கள், ஐந்து மணிக்கு எங்களோடு ஓட வந்தால் அது உதவி. நாங்கள் இருவராகவோ மூவராகவோதான் புறப்படுகிறோம். யாராவது வரமுடியாத நாளில் 5.40க்கு, வெளிச்சம் வரத் தொடங்கும்போது, தொடங்கிக் குறுக்கிக்கொள்கிறோம். விடிகாலையில் கடலோரம் நடக்க வருகிற ஐயாமார், அம்மாமார் எங்களை முகம் பார்த்துத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் காணாவிட்டால் அடுத்த நாள் "எங்க பிள்ளை நேற்றுக் காணேல்லை?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியும் ஒரு காவல்தான். ஆகவே ஒரே நேரத்துக்குப் போவதையும், கண்டவர்களுக்கு வணக்கம் சொல்வதையும் பாதுகாப்பின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் (வெப்பநிலையும் ஈரப்பதனும் சேர்ந்து உடம்பு உணரும் சூட்டின் அளவு) எச்சரிக்கை விடுகிற நாட்களில் நீண்ட ஓட்டத்தை அடுத்த நாளுக்குத் தள்ளுவோம். ஓடும்போது தலைச்சுற்று, சத்தி வருவது போன்ற குமட்டல், வெக்கையிலும் மயிர் கூச்செறிதல் வந்தால் அந்த நாள் ஓட்டம் அதோடு சரி. நிழலில் உட்கார்ந்து, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்ற வேண்டும். கூட ஓடுகிறவர் தடுமாறினாலோ, கேட்டதற்கு மாறிப் பதில் சொன்னாலோ அது வெப்ப அதிர்ச்சியாக இருக்கலாம், உயிராபத்து. 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸை அழையுங்கள், அது வரும்வரை காத்திராமல் உடனே குளிரவையுங்கள்: கிடைக்கிற தண்ணீர், ஐஸ், ஈரத்துணி எல்லாவற்றாலும், உடம்பு முழுக்க. முதல் நிமிடங்களில் உடம்பைக் குளிரவைப்பதில்தான் உயிர் தங்கியிருக்கிறது. கூடவே ஓடுகிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

வைகாசிக் கடைசியில் காற்றுத் திரும்பும். தென்மேற்கிலிருந்து வீசும்போது வடக்கே போகும் பாதிக்கு அது முதுகில் தள்ளும், திரும்பும் பாதிக்கு நெஞ்சில் அடிக்கும். முதுகுக் காற்றில் கால் இலேசாக இருக்கும், ஆனால் எங்களோடு சேர்ந்தே காற்றும் போவதால் வியர்வை காயாது, சூடு ஏறும். அதனால் ஜூனில் போகும் பாதியை இன்னும் ஆறுதலாகவே ஓடுகிறோம். காலி முகத்தில் தண்ணீர் குடித்து, எதிர்க்காற்றில் திரும்பும்போது உடம்பு தானாகக் குளிரும். அங்கேதான் உழைப்பைக் கூட்டலாம், நேரத்தைப் பார்க்காமல் மூச்சைப் பார்த்து. அலை பெரிதாகி உப்புநீர் தண்டவாளத்தைத் தாண்டி வீதியில் தெறிக்கிற நாட்களில் வழுக்கும், அன்றைக்கு மட்டும் காலி வீதி நடைபாதைக்கு மாறுவோம். வேகப் பயிற்சியைத் திட்டத்தில் சேர்ப்பதும் அப்போதுதான்: ஒரு கிலோமீற்றர் வீதம் நாலு தரம், அரை மரதனுக்கு நினைத்திருக்கும் வேகத்தில், நடுவில் மூன்று நிமிட நடையோடு, கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைப் பக்கமாக.